‘தான்’ போய் ‘அவர்’ வந்த கதை

அத்தியாயம் 17

போன வாரம் தம்பி மனைவி அறைந்து சாத்திவிட்டுப் போன மாடிக் கதவு இந்த வாரமும் அக்காவுக்குத் திறக்கவில்லை.

மாடியில் தம்பியும் அவன் மனைவியும். கீழே அக்கா. நடுவில் பதினெட்டுப் படிகள். மூன்று வாரமாக அந்தப் படிகளில் கோபம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு ஆபீஸ் வைத்த பெயர் கத்திரி. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் ரிப்போர்ட் திருத்துவது அவள் வேலை. மெக்கானிக்குகள் கையால் எழுதி அனுப்புவதை அவள் சிவப்புப் பேனாவால் திருத்துவாள், பிறகு அது டைப்புக்குப் போகும். நீட்டி முழக்கிய வாக்கியம் கண்ணில் பட்டால் போதும், நறுக்கென்று வெட்டிவிடுவாள். தனக்கு வந்த கல்யாணப் பேச்சையும் இப்படித்தான் வெட்டினாள் என்று ஆபீசில் ஒரு கேலி உண்டு. அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தம்பி அதே கம்பெனியில் மெக்கானிக். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் வேலை. மேலே மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, கீழே லிஃப்ட் குழியில் அவனும் ஒரு எலெக்ட்ரீஷியனும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வண்டியிலிருந்து சாமான் எடுக்க வெளியே போன ஐந்து நிமிஷத்தில் யாரோ பூட்டை எடுத்து ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். லிஃப்ட் இறங்கியது. குழியில் இருந்த எலெக்ட்ரீஷியன் ஒதுங்கிப் பார்த்தும் கணுக்கால் சிக்கி நொறுங்கிவிட்டது.

பூட்டுக்குச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று தம்பியிடம், இன்னொன்று மேற்பார்வையாளரிடம். எடுத்தவனுக்கு லைசென்ஸ் ரத்து. அது போனால் எந்த ஊரிலும் எந்த லிஃப்டையும் தொட முடியாது. இன்று மூன்று மணிக்கு விசாரணையின் கடைசி அமர்வு.

காலை எட்டு மணிக்குத் தம்பி படியிறங்கி வந்தான். தேய்த்த சட்டை. முகத்தில் மட்டும் சுருக்கம் போகவில்லை.

“சாப்பிட்டியாடா?” என்று கேட்டாள் கத்திரி.

“நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

பிறந்ததிலிருந்து ‘நீ, வா, போ’ என்று பேசியவன். மூன்று வாரமாக ‘நீங்க’. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“இன்னும் எத்தனை நாளைக்குடா இந்த மரியாதை?”

“மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு அன்னிக்குக் கெஞ்சினேன். என்ன சொன்னீங்க? ‘நான் எழுத்தைத் திருத்துறவ, விசாரணையத் திருத்துறவ இல்ல’ன்னீங்க. நல்ல வாக்கியம். ஃப்ரேம் போட்டு மாட்டிக்குங்க.”

“நான் உள்ள நுழைஞ்சா உனக்குத்தாண்டா கெட்ட பேர். அக்கா சிபாரிசுன்னு சொல்லுவாங்க.”

“இப்ப மட்டும் நல்ல பேரா?”

அவன் போய்விட்டான். பின்னாலேயே தம்பி மனைவி இறங்கி வந்தாள். அவளும் அதே கம்பெனிதான், புகார் போன் எடுக்கும் பிரிவு. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கத்திரி நிற்பதே தெரியாதவள் போல் வாசலைத் தாண்டினாள்.

“இன்னிக்கு பத்து மணிக்கு என் வகுப்பு இருக்கு. உங்க பிரிவுல எல்லாரும் வரணும்” என்றாள் கத்திரி, வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

தம்பி மனைவி திரும்பினாள். “வருவேன் அண்ணி. கண்டிப்பா வருவேன்.”

அந்தக் குரலைக் கேட்டிருந்தால் புத்தியுள்ளவள் எவளும் அன்று லீவு போட்டிருப்பாள். கத்திரி வகுப்புக்கான சாக்பீஸை எண்ணி எடுத்துக்கொண்டாள்.

*

பயிற்சி அறையில் முப்பது பேர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டாய வகுப்பு என்றால் அப்படித்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். கத்திரி பாடம் எடுத்தால் தூங்க முடியாது.

“போன மாசம் ஒரு அம்மாவுக்கு நாம அனுப்பின லெட்டர் இது” என்று படித்தாள். “‘தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு ஆவன செய்யப்படும்.’ இதைப் படிச்சா அந்த அம்மா என்ன நினைப்பாங்க?”

“ஒண்ணும் நடக்காதுன்னு நினைப்பாங்க” என்றார் ஒருவர்.

“அப்புறம் போன் பண்ணி எங்களைத் திட்டுவாங்க” என்றாள் புகார் பிரிவுப் பெண் ஒருத்தி.

சிரிப்பு எழுந்தது.

“சரியாச் சொன்னே. ‘வியாழக்கிழமை காலையில மெக்கானிக் வருவார்.’ இவ்வளவுதான் லெட்டர். யாரு, என்ன, எப்போ. ‘பட்டது’, ‘படும்’னு முடிச்சா அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் ஒளிஞ்சுக்கிறான். ‘கதவு மூடப்படவில்லை.’ கதவு தானா திறந்து கிடந்துதா? யாரு மூடல? ஆளை முன்னாடி இழுத்து நிறுத்துங்க. எழுவாய் இல்லாத வாக்கியத்தை நான் உள்ளேயே விட மாட்டேன்.”

அவள் எழுதி, கம்பெனி அச்சிட்டுக் கொடுத்த பன்னிரண்டு விதிகள் எல்லார் கையிலும் இருந்தன. நாலாவது விதிக்கு வந்தாள்.

“‘தான்’, ‘கூட’, ‘வந்து’, ‘அதாவது’. இதெல்லாம் வாக்கியத்துக்குள்ள சும்மா உக்காந்து சம்பளம் வாங்குற ஆளுங்க. ‘அவரிடம்தான் கொடுத்தேன்’, ‘நேற்றுதான் வந்தேன்’. எதுக்கு அந்தத் ‘தான்’? பேசும்போது பேசிக்குங்க. ரிப்போர்ட்ல வந்தா வெட்டுங்க. அப்புறம் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. எங்க மூச்சு வாங்குதோ அங்க உடைங்க. சரி, யாராவது ஒரு பத்தி கொடுங்க. இங்கயே அலசுவோம்.”

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. தம்பி மனைவி எழுந்து வந்தாள். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மேலும் கீழும் கிழித்த தாள். நடுவில் ஒரே ஒரு வரி.

“இது நல்லா இருக்கா பாருங்க, மேடம்.”

கத்திரி அந்த வரியைக் கரும்பலகையில் எழுதினாள்.

‘மேற்பார்வையாளர் மெக்கானிக்கிடம், அவர் பூட்டை எடுத்துவிட்டதாகச் சொன்னார்.’

பூட்டு என்ற சொல்லை எழுதும்போது உள்ளே எதுவோ இடறியது. ஆனால் பூட்டு வராத லிஃப்ட் ரிப்போர்ட் ஏது? அதற்குள் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு அந்த வரி அழகாக இருந்தது. காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அது தன் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

“இதுல திருத்த ஒண்ணுமில்லை. யாரு யாருகிட்ட என்ன சொன்னாங்கன்னு தெளிவா இருக்கு. எங்க, சொல்லுங்க, பூட்டை எடுத்தது யாரு?”

“மெக்கானிக்!” என்றது வகுப்பு ஒரே குரலில்.

“பாத்தீங்களா? முப்பது பேரு, ஒரே பதில். இதுக்குப் பேர்தான் தெளிவு.”

“ரொம்ப நன்றி மேடம்” என்றாள் தம்பி மனைவி. அவள் உட்காரவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். “மூணு மணிக்கு விசாரணையில உக்காந்திருக்கவங்களும் இதையேதான் சொல்லப் போறாங்க. இது அவங்க நோட்டீஸோட அனுப்பின காப்பி. இந்த மெக்கானிக் என் வீட்டுக்காரர். மேடத்தோட கூடப் பொறந்த தம்பி.”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

“என் வீட்டுக்காரர் எழுதினது இது இல்ல. அவர் எழுதினது எனக்கு மனப்பாடம். மூணு வாரமா சாப்பிட உக்காரும்போதெல்லாம் அதைத்தானே சொல்றார்? ‘மேற்பார்வையாளர் மெக்கானிக்கிடம் தான் பூட்டை எடுத்துவிட்டதாகச் சொன்னார்.’ தான்! எடுத்தவர் தானேதான் எடுத்ததா ஒத்துக்கிட்டார். அந்தத் ‘தான்’ எங்க மேடம் போச்சு? இந்த ‘அவர்’ எங்கேயிருந்து வந்தார்?”

கத்திரி கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் மட்டும் பழக்கத்தில் நகர்ந்தது.

“டைப் அடிச்ச காப்பியில அவன் கையெழுத்துப் போட்டிருப்பானே.”

“போட்டார். தாளையெல்லாம் கட்டா நீட்டி ‘சீக்கிரம், சீக்கிரம்’னு கையெழுத்து வாங்கினாங்க. படிக்க விட்டாங்களா? தான் எழுதினதுதான் டைப் ஆகியிருக்கும்னு நம்பிப் போட்டார். திருத்துறது அக்கா ஆச்சேன்னு நம்பினார்.”

“எனக்கு அது யாரோட ரிப்போர்ட்னே தெரியாதும்மா. பேரில்லாம, ‘மெக்கானிக்’னு மட்டும் போட்டுத்தான் என் மேசைக்கு வரும்.”

“பேர் தெரியாம கழுத்தை அறுத்தா ரத்தம் வராதா அண்ணி?”

தம்பி மனைவி அந்தப் பன்னிரண்டு விதிகளை இரண்டாகக் கிழித்து மேசையில் போட்டுவிட்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் புகார் பிரிவுப் பெண்கள் நாலு பேர் எழுந்து போனார்கள். வகுப்பு முடிந்தது என்று சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

*

கையெழுத்துப் பிரதிகளை ஆறு மாதம் வரை கத்திரி தன் அறை இரும்பு அலமாரியில் கட்டிக் கட்டி வைத்திருப்பாள். வகுப்பில் காட்ட உதவும் என்று. யாரும் அவளிடம் அவற்றைக் கேட்டதில்லை.

கதவைத் தாழிட்டுக்கொண்டு தேதி பார்த்துக் கட்டை அவிழ்த்தாள். பன்னிரண்டாவது தாள்.

தம்பியின் கையெழுத்து எப்படித் தெரியாமல் போனது? அவனுக்கு ‘அ’னா போடக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரி அவசரத்தில் கிறுக்கியிருக்கிறான். எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு நாளைக்கு நாற்பது ரிப்போர்ட் பார்க்கிறவள் கையெழுத்தையா பார்ப்பாள்? குற்றம் எங்கே என்றுதானே பார்ப்பாள்.

‘மேற்பார்வையாளர் மெக்கானிக்கிடம் தான் பூட்டை எடுத்துவிட்டதாகச் சொன்னார்.’

தான் என்ற சொல்லின் மேல் அவளுடைய சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்தது போல் நேராக.

என்ன நடந்தது என்று அவளுக்கு இப்போது முழுதாகப் புரிந்தது. ‘மெக்கானிக்கிடம்தான் சொன்னார்’ என்று படித்திருக்கிறாள். நாலாவது விதி. வெட்டியாயிற்று. வெட்டியதும் பூட்டை எடுத்தவருக்கு எழுவாய் இல்லாமல் போயிற்று. எழுவாய் இல்லாத வாக்கியத்தை உள்ளேயே விடமாட்டாளே! மேலே ஒரு சின்ன ‘அவர்’ எழுதி, ஒரு காற்புள்ளியும் போட்டுவிட்டாள். இரண்டு நல்ல விதிகள் சேர்ந்து அவள் தம்பியின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டன. இதில் கால் நிமிஷம்கூட அவள் யோசித்திருக்கமாட்டாள்.

தாளின் அடியில் பார்த்தாள், திருத்தும்போது அவள் ஒருநாளும் பார்க்காத இடம். இரண்டு கையெழுத்துகள். சம்பவ இடத்திலேயே மெக்கானிக்கும் மேற்பார்வையாளரும் சேர்ந்து போட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். அன்றைக்கு மேற்பார்வையாளர் போட்டிருந்தார். ‘தான் பூட்டை எடுத்துவிட்டதாக’ என்ற வரிக்குக் கீழே, பெரிதாக, சுழித்து.

கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் அவரேதான். எப்போதும் சிரித்த முகம். இன்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

“வகுப்புல ஏதோ கலாட்டாவாமே மேடம். உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“என்ன வேணும்?”

“பழைய கட்டு ஒண்ணு பாக்கணும். என் கையெழுத்துல ஒரு சின்ன சந்தேகம்.” அவர் கண் அவள் கையில் இருந்த தாளுக்குப் போய்விட்டு வந்தது. “அட, நீங்களே எடுத்து வச்சிருக்கீங்க.”

“அன்னிக்கு ஒத்துக்கிட்டீங்களே. அப்புறம் ஏன் மாத்திப் பேசினீங்க?”

“நான் எங்க மாத்தினேன்? டைப் ஆகி வந்ததைப் படிச்சேன். அதுல அப்படித்தான் இருந்துது. கம்பெனி ரெக்கார்டை எதிர்த்து நான் பேச முடியுமா, சொல்லுங்க?” குரலைத் தாழ்த்தினார். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். உங்க தம்பிக்குக் குழந்தை குட்டி இல்லை, எங்க போனாலும் பிழைச்சுக்குவார். அந்தத் தாளை வெளியில எடுத்தா முதல்ல யாரு கை தெரியும்? நல்லாப் பாருங்க. என் கை நீலம். உங்க கை சிவப்பு.”

“வெளிய போங்க.”

“போறேன். மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நிதானமா யோசிங்க.”

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். தாளைக் கட்டுக்குள் திருப்பி வைத்துக் கயிற்றை இறுக்கினால் தீர்ந்தது. நாலு வருஷமாகச் சேர்த்த பெயர் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் மற்ற கிளைகளுக்கும் போய்ப் பாடம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆசை அவளுக்கு நிறையவே இருந்தது. தம்பியோ எப்படியும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடப் போகிறான். தன் மேலேயே அருவருப்பு வரும்வரை யோசித்தாள். பிறகு தாளை ஒரு அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டாள்.

*

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் தலைவி. பாதி நரைத்த தலை, பெரிய கண்ணாடி, வெளியிலிருந்து வந்த எஞ்சினியர். அவருக்கு இரண்டு பக்கமும் கம்பெனி ஆட்கள். இந்தப் பக்கம் தம்பி. எதிர்ப்பக்கம் மேற்பார்வையாளர். சுவரோரம் பார்வையாளர் நாற்காலியில் தம்பி மனைவி.

கத்திரி உள்ளே வந்ததும் தம்பி எழுந்துவிட்டான். “இவங்க எதுக்கு இங்க?”

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள் கத்திரி.

“நீங்க யார்?” என்று கேட்டார் தலைவி.

“ரிப்போர்ட் திருத்துறவ. இவனோட அக்கா.”

மேற்பார்வையாளர் மேசையில் லேசாகத் தட்டினார். “பாத்தீங்களா? தம்பியைக் காப்பாத்த அக்கா வந்தாச்சு.”

“காப்பாத்த வரல. மாட்டிவிட்டது நான்தான்னு சொல்ல வந்தேன்.”

அட்டையைத் திறந்து தாளைத் தலைவியின் முன்னால் வைத்தாள். நாற்பது வாக்கியமாகச் சொல்ல நினைத்திருந்தாள். வந்தது நாலுதான்.

“இது என் தம்பி எழுதினது. இதுல இருந்த ‘தான்’ங்கிற வார்த்தையை நான் அடிச்சேன். ‘அவர்’ங்கிற வார்த்தையை நான் சேத்தேன். தப்பாத் திருத்தினேன்.”

தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். ஒரு முறை. பிறகு விரல் வைத்து ஒரு முறை.

“ஐயா, நான் ஒண்ணு சொல்றேன்” என்று மேற்பார்வையாளர் கம்பெனி ஆட்கள் பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டு விதிகளை எடுத்தார். பாவி, கையோடு கொண்டுவந்திருந்தார். “இது மேடம் எழுதின புத்தகம். நாலாவது விதி. ‘தான்’ என்பது வெற்றுச் சொல், நீக்கினால் பொருள் மாறாது. அவங்களே எழுதியிருக்காங்க. ‘மெக்கானிக்கிடம்தான் சொன்னார்’னு படிச்சு அடிச்சிருக்காங்க. அதுதான் சரி. இன்னிக்குத் தம்பிக்காக வேற மாதிரி படிக்கிறாங்க.”

தம்பி பல்லைக் கடித்தான். தம்பி மனைவி, “அடப் பாவி” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கத்திரிக்கு முகம் சுட்டது. தன் புத்தகத்தாலேயே தன்னை அடிக்கிறார்கள். ஆனால் வாக்கியம் என்று வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. அது அவளுக்குத் தெரிந்த ஒரே சண்டை.

“சரி, நீங்க சொல்ற மாதிரியே படிப்போம்” என்றாள். “அந்தத் ‘தானை’த் தூக்கிடுங்க. ‘மேற்பார்வையாளர் மெக்கானிக்கிடம் பூட்டை எடுத்துவிட்டதாகச் சொன்னார்.’ இப்ப எடுத்தது யாரு? நான் ஒருத்தர்கிட்ட ‘சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன்’னு எழுதினா சாப்பிட்டது யாரு? சொன்ன நான்தானே? இதுல சொன்னவர் நீங்க. ‘தான்’ இருந்தாலும் எடுத்தது நீங்க, இல்லாட்டியும் எடுத்தது நீங்க. நான் மேல எழுதின அந்த ‘அவர்’ ஒண்ணுதான் உங்களை விட்டுட்டு என் தம்பியைப் பிடிச்சுது. அந்த ‘அவரை’ இவன் எழுதல. நான் எழுதினேன். அதுக்கும் முன்னாடி, அது இல்லாத வாக்கியத்துக்குக் கீழே நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

தலைவி தாளை மெதுவாகத் திருப்பி மேற்பார்வையாளரின் பக்கம் தள்ளினார். “இது உங்க கையெழுத்துதானே?”

மேற்பார்வையாளரின் முகத்தில் ஈயாடவில்லை. “அன்னிக்கு ஆஸ்பத்திரி அவசரம். படிக்காமப் போட்டேன்.”

“போன அமர்வுல இந்த மெக்கானிக்கும் டைப் காப்பியைப் படிக்காமத்தான் போட்டேன்னு சொன்னார். நீங்க அப்போ சிரிச்சீங்க” என்றார் தலைவி.

பத்து நிமிஷம் அவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவி சொன்னார். மெக்கானிக்கின் லைசென்ஸ் மேல் நடவடிக்கை இல்லை. மேற்பார்வையாளர் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், அதுவரை சாவிக்கொத்து அவர் கையில் இருக்கக்கூடாது.

தம்பி மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“ஒரு நிமிஷம்” என்றார் தலைவி. அவர் பேனா கத்திரியை நோக்கி நின்றது. “இந்த நாலாவது விதி எப்போலேர்ந்து நடைமுறையில இருக்கு?”

“நாலு வருஷமா.”

“ஒரு நாளைக்கு எத்தனை ரிப்போர்ட்?”

“நாற்பது.”

தலைவி எழுதிக்கொண்டார். பெருக்கிப் பார்க்கவில்லை. அறையில் இருந்த எல்லாரும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டார்கள்.

“நாளையிலேர்ந்து நீங்க எதையும் திருத்த வேண்டாம்” என்றார்.

*

தாழ்வாரத்தில் கத்திரி தண்ணீர்க் குழாயருகே நின்றுகொண்டிருந்தாள். குடிக்கவேண்டும் என்று வந்தவள் டம்ளரை எடுக்க மறந்துவிட்டாள்.

தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நன்றியா வசவா தெரியாது. அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“எனக்காக வேலையை விட்டுட்டேன்னு நினைச்சுக்காதீங்க.”

“நினைக்கலடா.”

“அந்த அம்மா அந்த விதி எப்போலேர்ந்துன்னு கேட்டாங்களே. அதுலேர்ந்து எனக்கு ஒண்ணு மனசுல குடைஞ்சுகிட்டே இருக்கு. போன வருஷம் எங்க குழுவுல ஒரு ஆளுக்கு லைசென்ஸ் போச்சு. பிரேக்கை யாரோ கழட்டி வச்சுட்டுப் போன கேஸ். ‘நான் இல்ல, நான் எழுதினது வேற’ன்னு கடைசி வரைக்கும் சொன்னார். யாரும் நம்பல. நானும் நம்பல. ‘ரிப்போர்ட்ல தெளிவா இருக்கேண்ணே, ஒத்துக்குங்க’ன்னு நானே அவர் முகத்துக்கு நேரா சொன்னேன்.” அவன் அக்காவை நேராகப் பார்த்தான். “அதையும் நீங்கதான் திருத்தினீங்களா?”

கத்திரி நினைத்துப் பார்த்தாள். பிரேக், கழட்டி, வைத்து. ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. போன வருஷத்துக் கட்டை ஆறு மாதம் முடிந்ததும் அவளே பழைய பேப்பருக்குப் போடச் சொல்லியிருந்தாள்.

“தெரியலடா” என்றாள். “அந்த ஆள் இப்போ எங்க இருக்கார்?”

“எங்க இருக்காரா?” தம்பி மனைவி அவளை வினோதமாகப் பார்த்தாள். “எதிர் கட்டடத்துல கேட் திறந்து விடுறார். தினமும் காலையில எழுந்து நின்னு உங்களுக்கு வணக்கம் வைக்கிறாரே அண்ணி. அவர்தான்.”

அவர்கள் போய்விட்டார்கள். கத்திரி படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். எதிரே அந்தக் கட்டடத்தின் கேட் பாதி திறந்திருந்தது. பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் பழக்கப்படி எழுந்து நின்றார். கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

“என்ன மேடம், இன்னிக்குச் சீக்கிரமே கிளம்பிட்டீங்க?”

கத்திரி தெருவைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, நீங்க அன்னிக்குக் கையால என்ன எழுதினீங்க?” என்று கேட்டாள். “ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லுங்க.”

அவருடைய கை நெற்றியிலிருந்து இறங்கியது. சிரிப்பும் இறங்கியது.

“என் எழுத்தை வெட்டினது நீங்கதான்னு உங்களுக்கு யாரு மேடம் சொன்னது?”